பேரப்பிள்ளையின் அம்மையும் உம்மாவின் அக்கியும்

சின்னம்மைத் தடுப்பூசியை அமெரிக்கா 1995இலேயே குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் பிரிட்டனோ முப்பது ஆண்டுகள் தயங்கி நின்றது. இடையில் எங்கள் பிள்ளைகள் மூவருக்கும் அம்மை கண்டு தணிந்தது.

தயக்கத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. அம்மை இறங்கிய பின்னும் அதன் வைரஸ் உடலை விட்டு அகல்வதில்லை. நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும் வயதில் அக்கியாக எழும்புகிறது. அம்மை கண்ட பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு அந்த ஆற்றல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது என்ற கருத்தை 1965இல் முன்வைத்தவர் சைரன்செஸ்டர் மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். அப்படியானால் பிள்ளைகளிடம் அம்மை ஒழிய, பெரியவர்களிடம் அக்கி பெருக வேண்டும். 2002இல் பிரிசன் குழுவினர் இதைக் கணித மாதிரியாக்கினர். ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட காப்பு சராசரியாக 20 ஆண்டுகள் நிற்கும் என மதிப்பிட்டனர். தடுப்பூசி அறிமுகமாகும்போது 10 முதல் 44 வயதுக்குள் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டோரை அக்கி தாக்கும் என்று விடை வந்தது.

பேரப்பிள்ளைகள் மூவருக்கும் இரவெல்லாம் காலமைன் தடவியவர் எங்கள் உம்மா. அவருக்கும் அக்கி கண்டது. விலாவில் பட்டையாகக் கொப்புளங்கள். துணி பட்டாலே துடித்தார். ருகூவுக்குக் குனிய இயலாமல் பல வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். (ஊராக இருந்தால் குயவரிடம் அழைத்துச் சென்று அக்கி எழுதியிருப்பார்கள்.) பிள்ளைகளிடமிருந்து தொற்றியது என்றனர் சிலர். அது சரியன்று, அக்கி அவரவர் உடலில் உறங்கியதன் விழிப்பே.

ஒரு வீட்டின் அனுபவம் கணக்கைப் பொய்யாக்காது. 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் பழக்கத்தால் காப்பு உண்டு என்றே கண்டது. ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டபின் பெரியவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் சுமார் 30% மட்டுமே குறைந்திருந்தது. அமெரிக்காவிலும் அஞ்சிய அளவுக்கு அக்கி பெருகவில்லை. அங்கு அது தடுப்பூசிக்கு முன்பிருந்தே மெல்லக் கூடிவந்தது.

மாதிரியை நாங்கள் குறை கூறவில்லை. இந்த அனுமானம் மெய்யானால் இவ்வளவு நேரும் என்றுதான் அது சொன்னது. எங்களை உறுத்துவது தராசின் மறுதட்டு: பெரியவர்களின் காப்புக்காகப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் ஒப்பியிருப்பாரா? உம்மா ஒப்பவில்லை. அவர்களைக் காக்க அக்கிக்கே தனியாகத் தடுப்பூசி உண்டு. 2013 முதல் இங்கு முதியோருக்கு இலவசமாகவே போடுகிறார்கள்.

2023 நவம்பரில் தடுப்பூசி ஆலோசனைக் குழு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2026 ஜனவரி முதல் குழந்தைகளுக்கு ஓராண்டிலும் ஒன்றரை ஆண்டிலும் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவோடு சின்னம்மைக்கும் சேர்த்து ஒரே ஊசி.