சோழன் செங்கல்

ரோம் நகரிலிருந்து

அன்புள்ள கங்கைகொண்ட சோழபுரத்து ஊராருக்கு,

இங்கே பாலடைன் என்று ஒரு குன்று. ரோமப் பேரரசர்கள் அரண்மனை கட்டி வாழ்ந்த மேடு. ஆங்கிலத்தில் ‘பேலஸ்’ என்கிறோமே, அந்தச் சொல்லே இந்த மேட்டின் பெயரில் பிறந்ததுதான். முதல்முறை ஏறி நின்றபோது, “அட, நம்ம மாளிகைமேடு!” என்றுதான் வாயில் வந்தது. இங்கே மேட்டின் பெயர் மாளிகைக்குப் போயிற்று. நம்மிடம் மாளிகை போய், பெயர் மட்டும் மேட்டில் தங்கிவிட்டது.

கங்கைவரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன், 1025 வாக்கில் தஞ்சையை விட்டுவிட்டு நம் முந்திரிக்காட்டுப் பக்கம் தலைநகரை எழுப்பினான். வெற்றித்தூணாகக் கல் நடாமல் ஏரி வெட்டினான். அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்றே சொல்கிறது. அந்தச் சோழகங்கம்தான் நம் பொன்னேரி. கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1279இல் சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறக்குறைய 250 ஆண்டு நம் ஊர்தான் தலைநகர். அந்தக் காலத்தில் ரோம் சுருங்கிக் கிடந்தது. பேரரசின் சபைகள் கூடிய திடலில் பின்னாளில் மாடு மேய்ந்து, அதற்கு மாட்டுத்திடல் என்றே பெயர் வந்தது. ஆனால் ரோமுக்குப் போப்பாண்டவர் இருந்தார். 1871இல் மறுபடி தலைநகரும் ஆயிற்று. நம் ஊருக்கு அப்படி யாரும் வரவில்லை. மூன்று மாவட்டம் மாறியதுதான் மிச்சம்: திருச்சி, 1995இல் பெரம்பலூர், இப்போது அரியலூர். தாலுகா தலைமையிடம்கூட இல்லை.

படையெடுப்பில் நகரம் விழும். மண்ணோடு மண்ணாவது அதற்குப் பிறகுதான், கல்லுக்கு ஆள் வரும்போது. 1349 நிலநடுக்கத்தில் கொலோசியத்தின் ஒரு பக்கம் சரிந்தது. விழுந்த கல்லெல்லாம் தேவாலயத்துக்கும் பிரபுக்களின் வீட்டுக்கும் போயிற்று. கொலோசியத்தைப் புனித இடம் என்று 1749இல் ஒரு போப் அறிவித்த பிறகே கை நின்றது. நம் கோயில் மதிலுக்கு 1836இல் வந்தது வினை. கொள்ளிடத்தில் அணைக்கரையில் அணை கட்ட வெள்ளைக்காரனுக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. ஊர்ச்சனம் மறித்துப் பார்த்தது. அவமதிப்பு என்று தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்றார்கள். கட்டவில்லை. வெள்ளைக்காரனைத் திட்டலாம்தான். ஆனால் அந்த அணைத் தண்ணீர்தான் வடவாறு வழியே வீராணத்துக்குப் போகிறது, சென்னைக்காரர்கள் குடிக்கிறார்கள். திட்டும்போது எனக்கு நாக்கு பாதியில் நின்றுவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்சுவர், தாத்தா மேட்டிலிருந்து வண்டி வண்டியாக ஓட்டி வந்த செங்கல். சோழன் செங்கல் என்று பெருமையாகத்தான் சொல்வார். இப்போது வருகிற செங்கல் அதற்குப் பக்கத்தில் பிஸ்கட் மாதிரி இருக்கும். 1980இல் தொல்லியல் துறை வந்து தோண்டியபோது அரண்மனைச் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கானும் கிடைத்தன. சுவர் பல இடத்தில் வெறும் பள்ளமாக இருந்ததற்கு எங்கள் தாத்தாவும் ஒரு காரணம்.

ஆனாலும் பேச்சில் அந்த நகரம் அழியவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான் என்று நம் மினிபஸ் நடத்துநர் கூவுகிற ஊர்ப்பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். கோட்டையும் படைக்கலமும் மெய்க்காவலரும் கடல் கடந்த வெற்றியும் அதில் இருக்கின்றன. ரோமில் இதற்கெல்லாம் பலகை நட்டு, நுழைவுச்சீட்டு விற்கிறார்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வருகிறேன். 13 அடி லிங்கத்தைச் சோறு மூடுவதைப் பார்த்து ஒன்பது வருஷமாகிறது. கொட்டகையை இடித்துவிட்டு ஷெட் போடப்போவதாக அண்ணன் போனில் சொன்னான். செங்கல்லை அடுக்கி வை, நான் வந்ததும் தொல்லியல் துறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றிருக்கிறேன். உங்கள் கொட்டகையிலும் இருந்தால் ஜல்லிக்கு உடைத்துவிடாதீர்கள்.