இரும்புச் சட்டை

பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் தேடும் ஆசாமி நான். கலிபோர்னியாவில் வசித்தபோது இரும்புச் சட்டை பின்னினேனென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

1966-ஆம் ஆண்டு மே முதல் தேதியன்று, பெர்க்லி நகரத்து வீடொன்றின் கொல்லையில் சில நண்பர்கள் மத்திய கால ஐரோப்பிய வீரரைப் போல் பொருது பார்த்தனர். அந்த வேடிக்கையே பின்னர் பெரும் சங்கமாயிற்று. அங்கே தலைக்கவசம் அசல் எஃகு, வாளோ பிரம்பு. (பள்ளி வாத்தியாரின் ஞாபகம் வந்ததை மறைப்பானேன்?)

கம்பியைக் கோலிற் சுற்றி, வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்க வேண்டும். ஆறு மாதத்தில் விரல்கள் காய்த்துவிட்டன. அணிந்ததும் தோள் துவண்டது. வாரை இறுக்கியபின் பாரத்தில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்கிற்று.

இவ்விளையாட்டில் அடி பட்டதா என்று தீர்ப்பளிப்பவன் அடிபட்டவனே. முதற் போரிலேயே எதிரியின் பிரம்பு என் விலாவில் நன்றாக விழுந்தது. ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் மாள்வதா? "படவில்லை" என்று தலையசைத்தேன். அந்த இளைஞன் வணங்கி மீண்டும் பொருதான். அடுத்து என் வாள் அவன் மார்பை லேசாய்த் தொட்டது. "நல்ல அடி!" என்று சொல்லி உடனே மாண்டவனாய் விழுந்தான். எல்லோரும் கரகோஷம் செய்தார்கள், என் மனைவியைத் தவிர.

வீடு திரும்பும் வழியில் அவள் ஒன்றே கேட்டாள்:

"விலா ரொம்ப வலிக்கிறதா?"