56 நிமிடங்களுக்கு முன்

விடுதலைப் பத்திரத்தின் வரைவை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். பண்டசோழநல்லூரில் தாத்தா வழியாக அப்பாவுக்கு வந்த இரண்டு காணி நிலம். அம்மாவும் நானும் கையெழுத்திட்டால் முழுதும் அண்ணன் பெயருக்குப் போய்விடும். “திங்கக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். சாட்சிக்கு ஆள் சொல்லிட்டேன். நீ வந்து கையெழுத்துப் போட்டா போதும்மா” என்றார்.

பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பவள் நான். என் பெயர் இருந்த அந்த நான்கு பக்கங்களைப் படிக்காமலே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

படித்தவள் அண்ணன் மகள். பெங்களூரில் செயற்கைக்கோள் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“அத்தை, இத யாரு ரிவ்யூ பண்ணாங்க?”

“வக்கீல்தான் எழுதினாரு.”

“எழுதினவரே பார்த்தா அது ரிவ்யூ இல்ல அத்தை.”

திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தன் வேலை என்ன என்பதை அன்றுதான் அவள் எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னாள்.

ஒரு செயற்கைக்கோளை வரைபடத்திலிருந்து நேரே பட்டறைக்குக் கொண்டுபோய்விட முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆய்வுக் கூட்டம் நடக்கும். அந்த வேலையில் சம்பந்தப்படாதவர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ஒப்புக்கொண்ட வடிவத்தை உறுதிசெய்து பதிந்துவிட்டால், அப்புறம் ஒரு திருகாணியை மாற்றுவதென்றாலும் காரணம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் இரண்டு தணிக்கைகள். கேட்ட வேலையைச் செய்கிறதா என்று சோதனை முடிவுகளை வைத்துப் பார்ப்பது ஒன்று. தாளில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாகம் பாகமாக, எண் எண்ணாகச் சரிபார்ப்பது மற்றொன்று. இவை இரண்டையும்தான் அவர்கள் கான்ஃபிகரேஷன் ஆடிட் என்கிறார்கள்.

“அப்ப இந்தப் பத்திரத்துக்கும் அத செஞ்சு பாரு” என்றாள் அம்மா.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: என் திருமணத்தின்போது முப்பது பவுன் நகையும் சீர்வரிசையும் என் பங்குக்கு ஈடாகக் கொடுத்தாகிவிட்டது. எனக்குப் போட்டது பதினைந்து பவுன். அதற்காக வாங்கிய கடனில் பாதியை என் சம்பளத்திலிருந்து நான்தான் அடைத்தேன். மூன்றாம் பக்கத்தில் நிலத்தின் விவரம்: சர்வே எண், நான்கெல்லை, போர், மோட்டார் கொட்டகை. அந்தப் போர் போட அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின, மீளவில்லை. வளையலைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

தாளில் இருந்தது ஒரு குடும்பம். திண்ணையில் உட்கார்ந்திருந்தது வேறு.

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்விகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே பிறப்புரிமை மகளுக்கும் உண்டு. திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. இதைச் சொன்னபோது அண்ணன் மகள் ஒரு கதை சொன்னாள். 2019 மார்ச்சில் ஆன் மெக்லேன், கிறிஸ்டினா காக் என்ற இரு பெண்கள் மட்டும் விண்வெளி நிலையத்துக்கு வெளியே சென்று வேலை செய்வதாக இருந்தது. இருவருக்கும் பொருந்தியது நடுத்தர அளவு உடைதான். அந்த அளவில் மேலுடல் பகுதி இரண்டு அங்கே இருந்தன. உடனே அணியும்படி தயாராக இருந்தது ஒன்றே. மெக்லேனுக்குப் பதிலாக ஓர் ஆண் போனார். பெண்கள் இருவர் மட்டும் வெளியே சென்றது அந்த ஆண்டு அக்டோபர் 18இல், காக்கும் ஜெசிகா மெயரும்.

என் உரிமையும் அந்த இரண்டாவது உடை மாதிரி. இருக்கிறது, அணியும் நிலையில் இல்லை. அதை அணியும்படி ஆக்குகிற வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. நானும்தான்.

ஞாயிறு இரவு அண்ணனிடம் நாளை வரவில்லை என்றேன். அவருக்குக் கோபத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. “எல்லாரையும் வரச் சொல்லிட்டேனே. கடைசி நேரத்துல இப்படிச் சொன்னா?”

பெண்ணின் வாழ்வில் எத்தனையோ கையெழுத்துகள் இந்த ஒரு வாக்கியத்தால் வாங்கப்பட்டிருக்கின்றன. மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, ஆள் சொல்லியாச்சு.

பதில் சொன்னது அவர் மகள். “சந்திரயான் இரண்டு கிளம்ப 56 நிமிஷம் இருக்கறப்போ நிறுத்தினாங்கப்பா. ஜனாதிபதியே வந்து உட்கார்ந்திருந்தாரு.”

அது 2019 ஜூலை 15, விடியலுக்கு முன். ஏவூர்தியில் ஒரு கோளாறு தெரிந்ததும் ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணிக்கையை நிறுத்தினார்கள். திட்ட இயக்குநர் மு.வனிதா, பயண இயக்குநர் ரிது கரிதால், இருவரும் பெண்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, ஏவூர்தி கிளம்பியது. செப்டம்பரில் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. எதிர்பார்த்ததைவிட எஞ்சின்கள் அதிகமாக உந்தியது, கலம் திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வைத்திருந்த வரம்பு, இறங்குவதற்குக் குறித்த இடம் சிறியதாக இருந்தது என்று காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். எங்கெங்கே தவறலாம் என்பதிலிருந்தே அடுத்த கலத்தை வடிவமைத்தார்கள். நமக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராகவும் கல்பனா இணைத் திட்ட இயக்குநராகவும் இருந்த சந்திரயான் மூன்று, 2023 ஆகஸ்ட் 23இல் பத்திரமாக இறங்கியது.

நிறுத்துவதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. நிறுத்தியவரை யாரும் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று சொல்வதில்லை.

என்னைச் சொன்னார்கள். மூன்று மாதம் அண்ணன் பேசவில்லை. பொங்கலுக்கு வரிசை வரவில்லை. “தம்பிக்குத்தானே போகப்போகுது, உனக்கு என்ன?” என்று மகளையும் திட்டினாராம். அதற்காகத்தான் கேட்டேன் என்றாளாம் அவள்.

இப்போது மூன்றாம் வரைவு என் மேசையில் இருக்கிறது. இது பாகப்பிரிவினைப் பத்திரம். முப்பது பவுன் வரி போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு பங்கு எழுதியிருக்கிறது. என் பங்கு எவ்வளவு என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அண்ணன் யோசிக்கிறார், யோசிக்கட்டும். போர் பற்றிய வரிக்குப் பக்கத்தில் அம்மா தன் கோணல் எழுத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறாள்: என் வளையல்.