தொடுதலும் தீண்டலும்

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் இன்று ரொறன்ரோ நகரில் வாழ்கிறார். இம்மலருக்கு ஏதேனும் எழுதுமாறு எம்மைத் தூண்டியவர் அவரே. முழுவதும் தமிழில் எழுதிய கடிதத்தின் ஈற்றில் மட்டும் 'கீப் இன் டச்' என ஓர் ஆங்கிலத் தொடரைச் சேர்த்திருந்தார். விடைபெறுவோர் எல்லாரும் கூறும் தொடர்தான் அது. எனினும், எழுதியவர் அவராதலின், அச்சொல் எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

யாம் ஆங்கிலப் புலமை உடையோம் அல்லோம். தமிழ் கற்பிப்பதே எமது தொழில். ஆயினும் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணவர் இடறும் இடங்கள் எமக்குத் தெரியும். 'டச்' என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் 'தொடு' என எழுதிவிடுவர். உணவைத் தொட்டும் பார்க்கவில்லை என்னும் இடத்தில் இரு மொழியும் ஒத்துப்போகின்றன. கறிக்கு உப்பு ஒரு 'டச்' குறைவு என்னுமிடத்தில் நமக்குச் சிட்டிகை வேண்டும். சமையல் வல்லாரின் 'டச்' நம்மிடையே கைப்பக்குவம்; வைத்தியருடையது கைராசி. அளவெட்டியில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் 'டச்' எதுவென வினவின், ஊரார் அவர் விரல்களின் பெருமையையே பேசுவர்.

தொடும் வகையைச் சுட்டுஞ் சொற்கள் இரு மொழியிலும் பலவாம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்' என்பதை நாம் பசுவின் முதுகில் நீவுதல் என்போம். 'பாட்' என்பது குழந்தையைத் தட்டிக்கொடுத்தல். 'குரோப்' என்பது இருளில் தீப்பெட்டியைத் துழாவுதல். 'ஃபீல்' என்பது விரலின் தொழிலையும் உள்ளத்தின் தொழிலையும் ஒருங்கே சுட்டும். ஆயினும் வைத்தியர் நாடியை 'ஃபீல்' பண்ணினால், தமிழில் நாடி பிடித்துப் பார்க்கிறார் என்றே எழுதவேண்டும். எந்தக் கை, எதனை, எந்த எண்ணத்தோடு தொடுகின்றது என அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் தகும்.

தொடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. தொடர்பைக் குறிக்கும் 'கொன்டாக்ட்', ஊறுபடாமையைக் குறிக்கும் 'இன்டாக்ட்', வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடாகிய 'டான்ஜென்ட்', இங்கிதம் எனப் பொருள்படும் 'டாக்ட்' ஆகியவை அக்குடும்பத்தின. தொற்றுநோயைக் குறிக்கும் 'கொன்டேஜன்' என்பதும் அதன் உறவே. அன்பும் அச்சமும் ஒரே வேரிற் கிளைத்திருத்தல் காண்க.

நம் மொழியிலும் அவ்வாறே. தொடர்பு, தொடர்ச்சி, பூத்தொடுத்தல், செய்யுளின் தொடை ஆகிய யாவும் ஒன்றை ஒன்றோடு சேர்ப்பன. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் 'தொடு' என்பது மணற்கேணியைத் தோண்டுதலுக்கும் ஆகிவந்தது. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவித்தலை ஏடு தொடக்கல் என்கிறோம். அதே நாவால், பிறப்பினாலும் இறப்பினாலும் வரும் தீட்டைத் துடக்கு என்றும் கூறுகிறோம். தொடுபுலனுக்குப் பெயராகிய ஊறு என்னுஞ் சொல்லே துன்பத்துக்கும் பெயராயிற்று. தென்றலும் தீண்டும், பாம்புந் தீண்டும்.

இனி, தீண்டாமைக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'அன்டச்ட்' என்பது பெரும்பாலும் புகழ்ச்சி: மனிதர் கைபடாத காடு. வெல்லற்கரிய விளையாட்டு வீரரை 'அன்டச்சபிள்' என வியப்பர். அச்சொல்லுக்குத் தொடத்தகாதவர் என்னும் பொருளை ஏற்றிக் கொடுத்தது நமது சாதிமுறையே. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17 ஆம் உறுப்புரை தீண்டாமையை ஒழித்தது. இலங்கையிலும் 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1968 இல், அளவெட்டிக்கு அணித்தாயுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உட்சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் இருபது ஆண்டுகள் கழிந்தும் யாம் கண்டது ஒன்றுண்டு. 1988 ஆம் ஆண்டளவில், பள்ளி விட்டு வந்த ஒரு நாள், இந்நண்பர் எம் வீட்டு முற்றத்தில் நின்று தாகமென்றார். கிணற்று வாளியை அவர் தொடுதல் கூடாதென்பது எவரும் சொல்லாமலே எல்லாரும் அறிந்த விதி. எம் அப்பாச்சி, 'பசிக்குதோ மோனை' எனப் பரிவோடு வினவியவர், செம்பை அவரிடம் கொடுத்தாரல்லர். கையேந்தச் சொல்லி, செம்பை உயர்த்தி நீரை வார்த்தார். நண்பர் குடித்துவிட்டு ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். யாம் அதனைக் கண்டோம், ஒன்றும் கேட்டிலோம். மறுநாளும் ஒரே வாங்கில் தோளுரசியே இருந்தோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தது. மழையிரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிவைக்கவும் இடமின்றிச் சனங்கள் நெருங்கி நகர்ந்தனர். களைத்து வீதியோரத்தில் அமர்ந்துவிட்ட அப்பாச்சியிடம், நண்பரின் தாயார் தமது தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அப்பாச்சி இரு கைகளாலும் வாங்கி, வாய்வைத்துக் குடித்தார். பின்னர் அவ்வம்மையாரின் கையைப் பற்றியவர் நெடுநேரம் விடவில்லை.

அந்த ஓரிரவு ஊரையே மாற்றிவிட்டது என எழுதின் அது பொய்யாகும். ஊர் திரும்பியபின் சில வீடுகளிற் செம்பு மீண்டும் உயர்ந்தது. எம் வீட்டில் உயரவில்லை. எனினும், முற்றத்தில் நடந்ததற்கு யாம் நண்பரிடம் ஒரு சொல்லேனும் வருந்திக் கூறியதில்லை. சொற்பொருள் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அச்சொல் இத்தனை ஆண்டுகளாக வாயில் எழவில்லை. இப்பொழுது இம்மலரில், பலரறிய, எழுதுகிறோம்.

'கீப் இன் டச்' என்பதற்கு 'தொடர்பில் இருங்கள்' என மாணவர் எழுதினால் யாம் முழுப்புள்ளி வழங்குவோம். நண்பருக்கு எழுதிய விடையில் அத்தொடர் எமக்குப் போதவில்லை. ஆதலின் இவ்வாறு எழுதினோம்: 'ஊருக்கு வாரும். எம் கிணறு அங்கேயே இருக்கிறது. வாளியை நீரே பிடித்து அள்ளிக் குடியும், எமக்கும் வாரும்.'