பொருந்தாத பற்சக்கரம்

என் மேசைமீது பிறீவீல் ஒன்று இருக்கின்றது. துருவேறியது, பெயர் அழிந்தது, எந்த வண்டியிலும் பூட்டப்படாதது. காண வருவோர் அதனைக் கடதாசிகள் பறவாதிருக்க வைத்த பாரம் என்றே கொள்வர். அது என்னிடம் வந்த வரலாற்றைக் கூறின், பொருத்தம் என்னும் சொல்லின் பொருளை நான் கற்ற வரலாற்றையும் கூறியதாகும்.

துவிச்சக்கர வண்டி ஒரு கட்டுரைக்குரிய பொருளாகுமா என அன்பர் சிலர் நகைக்கலாம். தொண்ணூறுகளில் வன்னியில் வாழ்ந்தோர் நகையார். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகியபோது எமக்குப் பாரவூர்தியும் அதுவே. நோயாளர் வண்டியும் அதுவே. நெல்மூடை, விறகு, கர்ப்பிணித்தாய் ஆகிய யாவும் கரியரிலேயே சென்றன. உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியன ஆகியதால் எந்த வண்டியும் ஒரே கம்பனியின் வண்டியாக நிலைத்ததில்லை. சட்டகம் றலியாக இருக்கும், முன்சில்லு ஹம்பராக இருக்கும், பெடல் லுமாலா, செயின் இந்தியாவிலிருந்து வந்தது. குடும்பங்களைப் போலவே வண்டிகளும் இடம்பெயர்ந்து, பிரிந்து, புதிய உறவுகொண்டு உருண்டன.

1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் குடிலமைத்தோம். அங்கே பாலைமரமொன்றின் கீழ் முதியவர் ஒருவர் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளி விட்டதும் நான் அவரிடமே சென்றிருப்பேன். பிறீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவுவது என் பணி. அதன் மூடி இடம்புரியுடையது. ஏனையவற்றைக் கழற்றும் திசையில் திருகினால் இறுகும். உள்ளே இரு சிறு தாழ்களும் மயிரிழை போன்ற வில்லும் சிறு குண்டுகளும் இருக்கும். வில் முறிந்திருப்பின், மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியிலிருந்து ஓரிழையைப் பிரித்து வளைத்திடுவார்.

பிறீவீலைத் தெரிவதில் அவருக்கு மூன்று சோதனைகள் இருந்தன. முதலாவது பல்லெண்ணல். முதற் பல்லிற் சோக்கட்டியால் அடையாளமிட்டு விரலால் எண்ணுவார். முன்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருப்பின், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் செல்லும். பின்னால் 20 ஆயின் ஐந்து மீற்றரளவே செல்லும், ஆயினும் பாரம் இலகுவாகும். இரண்டாவது செயினின் வயது. கணுக்கள் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலமாகையால் 24 கணுக்கள் 12 அங்குலம் நீளவேண்டும். அரைக்கால் அங்குலம் மிகுந்திருப்பின் அச்செயின் தேய்ந்தது. புதிய பற்களில் அமராது வழுக்கும். "பழசுக்குப் பழசுதான் தம்பி" என்பார். மூன்றாவது புரி. பிறீவீல் விரலாலேயே சுழன்று ஏறவேண்டும். சாவிக்கு வேலை கடைசியில்தான். வார்க்கப்பட்ட பெயரை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

1997 மாரியில் என் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. தந்தையாரின் றலியில் அவளை ஏற்றி அக்கராயன் வைத்தியசாலைக்குப் புறப்பட்டபோது பெடல் வெறுமனே சுழன்றது, தாழ்கள் தேய்ந்துவிட்டன. முதியவரிடம் இருந்தவற்றுள் பல் தேயாத பிறீவீல் ஒன்றே. பற்கள் 18. செயினும் அதிற் செவ்வனே அமர்ந்தது. விரலால் திருகினார்; இரண்டு சுற்று ஏறி நின்றது. கழற்றி, துடைத்து, மீண்டும் திருகினார்; மீண்டும் அங்கேயே நின்றது.

"இது ஏறுறமாதிரித் தெரியும் மாஸ்ரர். ஆனா இந்தச் சில்லுக்கு உரியதில்லை."

"சாவியாலை இறுக்கிவிடுங்கோ அண்ணை. பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது."

"இறுக்கினா ஏறும். பாதிவழியிலை உரிஞ்சுபோம். பிறகு சில்லும் இல்லை, பிறீவீலும் இல்லை."

தந்தையார் அன்று கோபித்துக்கொண்டதை நான் கண்டேன். முதியவர் மறுமொழி கூறவில்லை. தம் வண்டியைச் சரித்து அதன் பின்சில்லைக் கழற்றி எமது வண்டியிற் பூட்டித் தந்தார். தங்கை பிழைத்தாள். தந்தையார் சில்லைத் திருப்பிக் கொடுக்கும்வரை மூன்று நாள்கள் அவர் நடந்தே வந்தார். பின்னர் எமக்குக் கிடைத்தது பெயரில்லாத 20 பல்லுப் பிறீவீல். அது விரலிலேயே ஏறியது. சில்லைச் சற்று முன்தள்ளிச் செயினைச் சரிசெய்தார். பொருந்தாத அந்தப் பிறீவீலை "வைச்சு விளையாடு" என்று என்னிடம் தந்தார்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், பேராதனையிற் பொறியியல் கற்கச் சென்றபோது அது என் பெட்டியில் இருந்தது. வேலைத்தலத்துப் புரிமானியை அதனுள் வைத்துப் பார்த்த நாளில் வழக்கு முடிந்தது. ஆங்கிலேய அளவு 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்டது, அதாவது 34.8 மில்லிமீற்றரும், புரியிடைத் தூரம் 1.06 மில்லிமீற்றரும் ஆகும். என் பிறீவீலோ பிரெஞ்சு அளவினது: 34.7 மில்லிமீற்றர், புரியிடை சரியாக 1. ஒரு புரியில் தோன்றும் வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது. ஐந்து புரியில் அது 0.3 மில்லிமீற்றராகும். பிறீவீல் மிதிக்குந்தோறும் இறுகும் இயல்பினது. ஆதலால் வலிந்து ஏற்றியிருப்பின் புரி உரிந்தே தீரும். அம்முதியவர் புரிமானியைக் கண்டவரல்லர். அவருடைய விரல் அதனை அறிந்திருந்தது.

இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் விரிவுரையாற்றுகின்றேன். மாணவர் சிலர் பழைய யப்பானிய கியர் வண்டிகளோடு வருவர். "சேர், கம்பனி வேற, இந்தக் கசெற் சரிவருமோ?" என்பது அவர்களின் கேள்வி. 1921இல் ஒற்றைப் பிறீவீல் செய்து தொழில் தொடங்கிய ஷிமானோ, 1978இல் தாழ்களைச் சில்லின் குடத்துள் அமைத்து, பற்சக்கரங்களை மட்டும் தவாளிப்புகளிற் செருகும் கசெற்றை வெளியிட்டது. வடிவம் மாறினும் வினா மாறவில்லை. ஒன்பது பற்சக்கரக் கசெற்றில் ஷிமானோவும் ஸ்ராமும் ஒரே இடைவெளி கொண்டன. ஒன்றுக்கு மற்றது உதவும். கம்பக்னோலோவின் இடைவெளி 4.55 மில்லிமீற்றர், ஷிமானோவினது 4.35. எட்டு இடைவெளிகளில் அது 1.6 மில்லிமீற்றராகத் திரள, கியர் வரிசை குழம்பும். மறுபுறம், ஷிமானோவே 2018இல் கொணர்ந்த மைக்ரோ ஸ்பிளைன் கசெற் அதன் பழைய குடத்திற் செல்லாது. வேற்றுப் பெயர் பொருந்துவதும் ஒரே பெயர் பொருந்தாதிருப்பதும் இத்தொழிலில் இயல்பே.

2009இல் எமது றலி முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்டது. போர் முடிந்தபின் அங்கே துருப்பிடித்துக் குவிந்துகிடந்த வண்டிகளைக் கண்டேன். எது எவருடையது, எந்தக் கம்பனியது என்று பிரித்தறிய இயலாத குவியல். எம் வீட்டுப் பொருள்களுள் எஞ்சியது, எதற்கும் பொருந்தாமையால் என்னோடு வந்த இந்தப் பிறீவீல் ஒன்றே.

மாணவர் கேட்கும்போது நான் விடை சொல்வதில்லை. இதனையும் ஓர் ஆங்கிலேயக் குடத்தையும் கையில் கொடுத்து விரலால் திருகச் சொல்வேன். இரண்டு சுற்றில் நின்றுவிடும். அவர்கள் சாவியைத் தேடுவர். சாவியை நான் மேசை லாச்சியிற் பூட்டி வைத்திருக்கின்றேன்.