ஆச்சி வீட்டு வெள்ளை

காரைக்குடிக்குப் புறப்பட்ட அன்று என் மனைவி என் பைக்குள் ஒரு விசிறியைத் திணித்தாள். காற்று வாங்கும் விசிறி அல்ல. பெயிண்டுக் கடையில் கொடுக்கிறார்களே, ஒரு முனையில் திருகாணி போட்டு, விரித்தால் நூற்றுக்கணக்கான வர்ணங்களாக விரியும் அட்டைகள், அந்த விசிறி! அதிலிருந்து காற்று வராது, சண்டைதான் வரும். உங்கள் வீட்டில் ஒரு தடவையாவது வர்ணம் அடித்திருந்தால் நான் சொல்வது புரியும்.

எங்கள் வீட்டில் தகராறு, என் தாயாரின் அறையைப் பற்றியது. அம்மாவுக்கு வயது 74. மூன்று வருஷத்துக்கு முன் சென்னையில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடி வந்தபோது, அந்த அறைக்கு என் மனைவி ஆசை ஆசையாக வர்ணம் பொறுக்கினாள். சுவர் க்ரீம் வர்ணம். கதவும் அதே. நிலையும் சுவிட்சுப் பலகையும்கூட அதே. வந்தவர்கள் எல்லாரும் "பிரமாதம்!" என்றார்கள். போன மாதம் ஒரு நாள் ராத்திரி, பாதி திறந்திருந்த கதவின் விளிம்பில் அம்மா நெற்றியை மோதிக்கொண்டுவிட்டாள். "கதவு இருக்கிறதே தெரியலையேடா!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்: இளநீலம். அம்மாவுக்கு நீலம் பிடிக்கும், கண்ணுக்கும் குளிர்ச்சி. "செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதத்தானே போகிறீர்கள்? அங்கே எந்த அறைக்கு என்ன வர்ணம் என்று இந்த அட்டையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்று உத்தரவு பிறந்தது.

காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கானாடுகாத்தான். நூல் பிடித்தாற்போன்ற நேரான வீதிகள். ஒரு வீதியில் வாசல் வைத்து அடுத்த வீதியில் கொல்லை முடிகிற வீடுகள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பெரும்பாலும் 1850-லிருந்து 1940-களுக்குள் கட்டியவை. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம் பெற்றன. பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்குகிறது. நான் போன வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது.

"வாங்க தம்பி, செருப்பை அங்கேயே விட்டுட்டு வாங்க" என்றார்கள்.

முகப்பில் நுழைந்ததும் அட்டை விசிறிக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். மேல் கூரையில் பச்சையும் சிவப்பும் பூவேலை. சுவரின் கீழ்ப்பாதியில் கப்பலில் வந்த வழவழப்பான ஓடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள். விருந்தாளி பார்த்து வாயைப் பிளக்க வேண்டிய இடம் அல்லவா? ஆனால் வளவுக்குள் கால் வைத்ததும் வர்ணமெல்லாம் காணாமற் போயிற்று. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டிக் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. அங்கே சுவர் முழுக்க வெள்ளை.

இந்த வெள்ளை, டப்பாவைத் திறந்து பூசிய வெள்ளை அல்ல. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு, படலம் படலமாகப் பூசி, கடைசிப் படலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. கை வைத்தால் பளிங்குபோல் சில்லென்கிறது. ஆச்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கு மறு பூச்சே கிடையாதாம். ஈரத் துணியால் துடைப்பதோடு சரி.

எதற்காக அங்கே வெள்ளை? பதினொரு மணிக்கு எனக்கே விளங்கியது. வளவை ஒட்டிய அறைகளுக்கு ஜன்னல் சிறிது. முற்றத்தில் விழும் வெயிலைத் தாழ்வாரத்துச் சுவர் வாங்கித் திருப்பினால்தான் அறைக்குள் வெளிச்சம் போகும். நல்ல வெள்ளைச் சுவர், விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பிவிடும். அடர்ந்த வர்ணம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் கண்டேன். அந்த வெள்ளை, வெள்ளையாகவே இல்லை! தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. நல்ல செங்காவி நிறம். வெயில் அதில் பட்டதும் சுவரின் அடிப்பாகம் லேசான ரோஜா நிறம் கொண்டது. மத்தியானம் தாண்டியதும் மறுபடி வெள்ளை. விசிறியிலிருந்து எங்கள் வீட்டு க்ரீமை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். அழுக்குத் துணிபோல் இருந்தது. கடையில் குழல் விளக்கின் கீழே பார்த்த அதே அட்டைதான்! தரைக்கு என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்காமல் எங்கள் அறைக்கு நாங்கள் வர்ணம் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஆச்சிக்கு ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. ஆனால் அத்தனை பெரிய வீட்டில் அவர்கள் நடக்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"வெள்ளைச் செவரு, கறுப்புத் தூணு, செவப்புத் தரை. இதுல முட்டிக்க என்ன தம்பி இருக்கு?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது.

பிறகு ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரன், ஊருக்கு வரும்போது தங்குவதற்கென்று ஆள் வைத்து நவீன எமல்ஷன் அடித்த அறை. சுவர், நிலை எல்லாம் ஒரே வர்ணம். என்ன வர்ணம் என்று நான் சொல்லவும் வேண்டுமா? இரண்டு மழைக்காலம் போவதற்குள் சுவர் அப்பளம்போல் பொரிந்து, தொட்டால் கையோடு வருகிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே பிளாஸ்டிக் தோல் போர்த்தினால் அந்த ஈரம் எங்கே போகும்? தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். போதாததற்கு, மெருகேறிய வழவழப்பில் பெயிண்டு பிடிப்பதும் கஷ்டம்.

"பொங்கலுக்கு முன்னால வீடு முச்சூடும் இப்படியே அடிச்சிரணும்கிறான். இந்த அறைக்குள்ள நான் போறதே இல்லை" என்றார்கள் ஆச்சி. அவர்கள் சொல்லி, பொரிந்த சுவரைப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். பக்கத்திலேயே மெருகு குலையாத பழைய சுவரையும் எடுத்து அனுப்பினேன். நான் கிளம்புகிற வரையில் பதில் இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் காரியம், அட்டை விசிறியைப் பரண்மேல் போட்டதுதான். தரகரும் வேண்டாம், ஜோசியரும் வேண்டாம்; பெயிண்டில் சின்ன டப்பாக்கள் விற்கிறார்கள். மூன்று வாங்கி, அம்மாவின் அறைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மூன்று சதுரங்கள் பூசினோம்: தூய வெள்ளை, இளமஞ்சள், என் மனைவியின் இளநீலம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு வர்ணம், விளக்கு வைத்த பிறகு வேறு வர்ணம். அட்டையில் சாதுவாக இருந்த இளமஞ்சள் சுவரில் ஏறியதும் எலுமிச்சம்பழச் சாதமாகிவிட்டது!

சாயங்காலம் விளக்கைப் போட்டு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தோம்.

"மூணு பூசினேள்னு சொன்னேளே, ரெண்டுதானே இருக்கு?" என்றாள் அம்மா.

இளநீலம் அவள் கண்ணுக்குப் பழைய க்ரீமோடு கலந்து போயிருந்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பாரிக்கிறது. நீல ஒளியை அது நிறுத்திக்கொள்கிறது. மஞ்சள் விளக்கின் கீழே கேட்கவே வேண்டாம். என் மனைவி ஒன்றும் பேசாமல் சதுரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "எனக்குச் சுவர் எப்படி இருந்தா என்னடி? கதவு தெரிஞ்சாப் போறும்."

சுவர் வெள்ளை என்று தீர்மானமாயிற்று. கதவுக்கும் நிலைக்கும் நல்ல காப்பிக்கொட்டை நிறம். சுவிட்சைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு பட்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய கதவைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவு அதற்கு முந்தியது.

இளநீலம் மேற்குப் பார்த்த சமையலறைக்குப் போகிறது. நாலு மணி வெயிலில் அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது. சதுரம் பூசிப் பார்த்துவிட்டோம். திங்கட்கிழமை ஆள் வருகிறார்.