ஒன்றில் இரண்டு

2016இல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். பி.டி.பி.டி.என். கடன் கணக்கில் ஏறிய மறுநாளே லோ யாட் பிளாசாவுக்குப் போய்விட்டேன். கடைக்காரர் அந்த மடிக்கணினியின் திரையை விசைப்பலகையிலிருந்து 'டக்'கென்று கழற்றி என் கையில் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் காட்டியபோது அம்மா பதறிவிட்டார். "என்னடா கழண்டு வருது? உடைஞ்சதையா உன் தலையில கட்டிட்டான்?"

பேனாவால் திரையிலேயே சர்க்யூட் வரைவேன், படுத்துக்கொண்டே நாவல் வாசிப்பேன் என்றெல்லாம் திட்டம் இருந்தது. பேனாவுக்குத் தனி விலை. முதல் வாரத்துக்குப் பிறகு அதைத் தொடவில்லை. ஆய்வறிக்கைகளை விசைப்பலகையில் தட்டினேன், நாவல்களைக் கைப்பேசியில் வாசித்தேன். நான் எப்படி ஆக ஆசைப்பட்டேனோ, அந்த ஆளுக்காக வாங்கிய பொருள் அது.

இந்த ஆசையை எடைபோடுவதில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2002லேயே டேப்லெட் கணினிக்கென விண்டோஸ் வெளியிட்டது, எடுபடவில்லை. 2012 ஏப்ரலில் ஆப்பிளின் டிம் குக், இப்படி இரண்டை ஒன்றாக்குவதை ரொட்டி வாட்டும் டோஸ்டரையும் குளிர்பதனப் பெட்டியையும் ஒட்டவைப்பதோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சர்ஃபேஸ் ஆர்டி வந்தது. பார்க்க மடிக்கணினி மாதிரிதான். ஆனால் உள்ளே இருந்தது ஏஆர்எம் சில்லு, பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடாது. தேங்கிப்போன சரக்குக்காக 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், கிண்டலடித்த ஆப்பிளே 2015இல் விசைப்பலகை மாட்டக்கூடிய ஐபேட் புரோவை இறக்கியது.

திரை கழலும் வகையில் பேட்டரி, மதர்போர்டு எல்லாமே திரைக்குப் பின்னால்தான் இருக்கும். தலை கனம், கால் லேசு. பின்னால் முட்டுக் கொடுக்காமல் நிற்காது. மேசையில் பிரச்சினையில்லை, பேருந்தில் மடியில் வைத்துத் தட்டிப் பாருங்கள், தெரியும். விசைப்பலகை என்பது வெறும் பொத்தான் அட்டை. இதைப் படித்துத் தேர்வும் எழுதிய எனக்கு, அதன் அர்த்தம் 2020இல்தான் புரிந்தது.

மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சுங்கை சிப்புட் வீட்டில் இருந்தேன். அலுவலகக் கணினி பாயான் லெப்பாஸில் என் மேசையிலேயே மாட்டிக்கொண்டது. அப்பா லோரி ஓட்டுநர், அவருடைய கைப்பேசி அவரோடு போய்விடும். தங்கச்சி படிவம் மூன்று. வீட்டிலிருந்த ஒரே கணினி அந்த ஒன்றில் இரண்டுதான்.

முதல் நாளே கேட்டாள்: "அண்ணே, கழட்டிக் குடு. கீபோர்ட நீ வச்சுக்கோ." சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவள் திரையோடு அறைக்குள் போனாள். என் கையில் அந்த அட்டை இருந்தது.

நான் கைவிட்ட பேனாவை அவள்தான் எடுத்தாள். ஆசிரியர் அனுப்பும் கணிதப் பயிற்சிகளைத் திரையிலேயே எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள். நான் ஆசைப்பட்ட அந்த ஆள் இவள்தான் போல.

ஒரு நாள் எனக்குக் கூட்டம், அவளுக்கு அதே நேரத்தில் அறிவியல் வகுப்பு. வேலை என்றால் வேலைதான் என்று பிடுங்கிக்கொண்டேன். இப்படி ஏழெட்டு முறை. ஒன்றும் சொல்லமாட்டாள், "பரவால்லண்ணே" என்பாள். பிறகு ஒருநாள் ஆசிரியர் அம்மாவை அழைத்து, பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை குறைந்துவிட்டது, வகுப்புக்கே வருவதில்லை என்றார். அம்மா அவளைத் திட்டினார். அப்போதும் என் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் கூட்டம் இருந்தது.

அந்த ஜூனிலிருந்து கணினி, கைப்பேசி வாங்குவோருக்கு அரசாங்கம் கூடுதலாக 2,500 ரிங்கிட் வருமானவரிக் கழிவு கொடுத்தது. அப்பாவுக்கு வரி கட்டும் அளவு சம்பளமே கிடையாது. எனக்கு உண்டு. அந்த வருடம் நான் புதுக் கைப்பேசி வாங்கிக் கழிவு எடுத்துக்கொண்டேன்.

போன மாதம், பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் அவளை லோ யாட்டுக்கு அழைத்துப் போனேன். சாதாரண மடிக்கணினியே போதும், மடியில் நிற்கும், விலையும் குறைவு என்று பொறியாளராக விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு திரை கழலும் ஒன்றின் முன்னால் போய் நின்று, பேனாவை எடுத்து ஓரத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தாள்.

"இது எனக்கு மட்டுந்தானேண்ணே?"